ஆறாம் ஆண்டோடு பசி தீர்ந்துவிடுமா?

தோட்டத்துப் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துக்கொண்டு இடைநிலைப் பள்ளியின் முதலாம் படிவத்தில் காலடி வைக்கும்போது எத்தனையோ மாறுதல்கள் நேருகின்றன. பையனுக்கு நீலக் கால்சட்டை போய்ப் பச்சை முழுக்கால்சட்டை வருகிறது. பாடம் சொல்லும் மொழி மாறுகிறது. லயத்திலிருந்து நடந்து போன பள்ளிக்குப் பதிலாக, இருட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்து போக வேண்டிய பள்ளி வந்து சேருகிறது. இவற்றைப் பற்றியெல்லாம் நாம் கோயில் திடலிலும் கூட்டங்களிலும் போதுமான அளவு பேசுகிறோம். பேசப்படாத மாறுதல் ஒன்று இருக்கிறது. நேற்றுவரை நம் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கிடைத்து வந்த இலவசச் சாப்பாடு, முதலாம் படிவத்தின் முதல் நாளன்று நின்றுவிடுகிறது. பெற்றோரின் சம்பளம் அன்று உயர்ந்துவிடவில்லை. பிள்ளையின் வயிறும் அன்று சிறுத்துவிடவில்லை. ஆயினும் சாப்பாடு நின்றுவிடுகிறது.

கூடுதல் உணவுத் திட்டம் என்றும் ஆர்.எம்.டி. என்றும் நாம் அழைக்கும் ஏற்பாட்டைத்தான் சொல்லுகிறேன். 1979-ஆம் ஆண்டிலிருந்து கல்வி அமைச்சின் பொறுப்பில் அது நடந்து வருகிறது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாட்களில் ஒரு வேளை உணவு கொடுப்பதே அதன் நோக்கம். 1983-இல் பள்ளிப் பால் திட்டமும் வந்தது. நாள் முழுதும் பால் எடுத்தும் தன் பிள்ளைக்கு ஒரு குவளைப் பசும்பால் வாங்கித்தர இயலாத நம் தொழிலாளிக்கு அது பெரிய காரியமாகவே இருந்தது. ஒரு சாப்பாட்டுக்குத் தீபகற்பத்தில் 2 வெள்ளி 50 காசாக இருந்த தொகை 2022-இல் 3 வெள்ளி 50 காசாக உயர்த்தப்பட்டது. நல்ல திட்டம். அதைக் கொண்டு வந்தவர்களையும் நடத்துகிறவர்களையும் குறை கூறுவது என் எண்ணமன்று. ஆனால் அது தொடக்கப் பள்ளிக்கென்றே வகுக்கப்பட்டது. ஆறாம் ஆண்டின் கடைசி மணி அடித்ததும் அதன் கதவும் மூடிக்கொள்ளுகிறது.

கிராணி வேலை பார்க்கிறவனுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஒரு சாப்பாடு 3 வெள்ளி 50 காசு. பள்ளி நாட்கள் ஆண்டுக்கு 190 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கிப் பார்த்தால் 665 வெள்ளி வருகிறது. அதாவது, பிள்ளை ஆறாம் ஆண்டு தேறியதற்காக ஒரு தொழிலாளிக் குடும்பம் ஆண்டுக்கு 665 வெள்ளியை இழக்கிறது. இது தொடக்கப் பள்ளிச் சாப்பாட்டின் விலை. முதலாம் படிவத்துப் பையன் இன்னும் அதிகம் சாப்பிடுவான் என்பது வீட்டில் சோறாக்குகிற எவருக்கும் தெரியும்.

சென்ற ஆண்டு சம்பளத்துக்குப் பத்து நாளைக்கு முன்பு ஓர் அம்மாள் ஆபீஸ் சன்னலண்டை வந்து நின்றார். பால் வெட்டில் எங்கள் தோட்டத்திலே கைதேர்ந்தவர். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர்.

“கிராணித் தம்பி, ஒரு அம்பது வெள்ளி அட்வான்ஸ் கிடைக்குமா? பையனுக்குக் கெண்டீன் காசு.”

“ஏன் அக்கா, போன வருசம் ஒரு தடவைகூட நீங்க கேட்டதில்லையே?”

“போன வருசம் அவன் ஆறாம் ஆண்டு, தம்பி. பள்ளிக்கூடத்துலேயே சோறு போட்டாங்க.”

இந்த இரண்டு வரிகளுக்குள் விஷயம் முழுவதும் அடங்கிவிட்டது. அட்வான்ஸ் புத்தகத்தில் காரணம் எழுத ஓர் இடம் இருக்கிறது. மருத்துவம், சாவு, கோயில் காரியம் என்றுதான் அதில் வழக்கமாக எழுதுவோம். அன்று “பிள்ளையின் பசியாறல்” என்று எழுதினேன்.

இந்தப் பசியாறல் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியத் தமிழர்களாகிய நாம் காலைச் சாப்பாட்டை இப்படி அழைக்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் கேட்டு வியப்பார்கள். நம் பாட்டன்மார் வெறும் வயிற்றோடு பெரட்டுக்கு ஓடி, மரம் வெட்டி முடித்து, பால் வடிந்து மங்கு நிறையும்வரை உள்ள அந்த இடைவேளையில் உட்கார்ந்து உண்டார்கள். பால் வடிய நேரம் வேண்டும். ஆகவே வெட்டுகிறவனுக்கும் உட்கார நேரம் கிடைத்தது. அந்தக் காலத்துத் துரைகூட அதைப் பிடுங்க முடியவில்லை. இப்போது நம் பிள்ளையின் நாளைப் பாருங்கள். மெர்சிங் சுற்றுப்புறத்தில் தோட்டங்கள் நகரத்துக்கு அருகில் இல்லை. ஜெமாலுவாங் பக்கமானாலும் எண்டாவ் பக்கமானாலும் பஸ் பயணம்தான். ஐந்து மணிக்கு எழுந்து, ஐந்தே முக்கால் ஆறுக்குப் பஸ் ஏறி, ஏழரைக்கு வகுப்பில் உட்காருகிற பிள்ளை, வீடு திரும்பச் சில நாட்களில் மூன்று மணி ஆகிவிடுகிறது. புறப்பாட நடவடிக்கை உள்ள நாளில் இன்னும் தாமதம். இந்த ஒன்பது மணி நேரத்துக்கும் நடுவில் அதற்குக் கிடைப்பது இருபது நிமிட ஓய்வு. அந்த இருபது நிமிடத்தில் பாதி, சிற்றுண்டிச்சாலை வரிசையிலேயே போய்விடுகிறது. பால்மரக் காட்டில் தகப்பனுக்கு உள்ள பசியாறும் நேரம் பள்ளியில் மகனுக்கு இல்லை.

காலையிலேயே வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாதா என்று கேட்பார்கள். ஐந்தரை மணிக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தொண்டையில் சோறு இறங்காது. ஒரு கோப்பைத் தேநீரில் இரண்டு பிஸ்கட்டை நனைத்துத் தின்றுவிட்டு ஓடும். தாயும் தகப்பனும் அதற்கு முன்பே காட்டுக்குப் புறப்பட்டிருப்பார்கள், அல்லது புறப்படுகிற அவசரத்தில் இருப்பார்கள். மீதியைக் கையில் கொடுக்கும் காசு பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

இந்த இடத்தில்தான் “பிள்ளை வளர்ந்துவிட்டான்; தனக்கு வேண்டியதைத் தானே பார்த்து வாங்கிக்கொள்வான்” என்ற பேச்சு வருகிறது. தொடக்கப் பள்ளியில் கொடுத்ததைத் தின்ன வேண்டும். இடைநிலைப் பள்ளியில் விரும்பியதைத் தின்னலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக் இருக்கிறது, மீ கோரெங் இருக்கிறது, கோழித் துண்டு வைத்த சோறு இருக்கிறது, எங்கள் கிழக்குக்கரைக்கே உரிய கெரோப்போக் லெக்கோர் இருக்கிறது, சிவப்புச் சிராப் இருக்கிறது. பத்து வகை. ஆனால் கையில் இரண்டு வெள்ளி உள்ள பிள்ளைக்கு இந்தப் பத்தில் எத்தனை வகை? வயிறு நிறைய வேண்டுமென்றால் மீ. வாய்க்கு ருசி வேண்டுமென்றால் கெரோப்போக்கும் சிராப்பும். மீன் வைத்த சோறும் கீரையும் அதன் கண்ணில் படலாம், கையில் படாது. ஐந்து வெள்ளி கொண்டு வருகிற பக்கத்து மேசைப் பிள்ளை தேர்ந்தெடுக்கிறது. நம் பிள்ளை விலைப்பட்டியலைப் பார்க்கிறது. இதைத் தேர்வுரிமை என்று பெயரிட்டு அழைப்பவர்கள், ஒரு முறை அந்த வரிசையில் இரண்டு வெள்ளியோடு நின்று பார்க்கட்டும்.

பிள்ளைக்கு நாள் ஒன்றுக்கு 5 வெள்ளி கொடுக்க முடிந்தால்? மாதத்துக்கு இருபது பள்ளி நாள், 100 வெள்ளி. இடைநிலைப் பள்ளியில் மூன்று பேர் படிக்கும் வீட்டில் 300 வெள்ளி. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அதில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் பிள்ளைகளின் ஓய்வு நேரச் சாப்பாட்டுக்கே போய்விடும். பள்ளித் தொடக்க உதவியாக மாணவர்கள் அனைவருக்கும் 150 வெள்ளி வழங்கும் ஏற்பாடு 2023-இல் வந்ததை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். சப்பாத்தும் பையும் வாங்கியது போக அதில் மிச்சம் இருந்தால், அது எத்தனை நாள் சோற்றுக்குப் போதும்?

இதில் நம் ஊருக்கே உரிய சிரமம் ஒன்றும் உண்டு. 2026-ஆம் ஆண்டிலிருந்து பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரி மாதத்தில் தொடங்குகிறது. கோலாலம்பூரில் அது வெறும் தேதி மாற்றம். மெர்சிங்கில் ஜனவரி என்றால் வடகிழக்குப் பருவமழை. விடிய விடிய மழை பெய்தால் மரம் நனைந்து பட்டையில் கத்தி வைக்க முடியாது. வைத்தால் பால் மங்குக்குப் போகாமல் பட்டை வழியே கழுவிக்கொண்டு போகும். மழை ஓய்ந்தால் அடுத்து இலை கொட்டும் காலம், பால் குறைந்துவிடும். ஆக, ரப்பர் வெட்டுகிறவன் கையில் காசு மிகக் குறைவாகப் புழங்கும் மாதங்களில்தான் முதலாம் படிவத்துப் புதுச் செலவுகள் எல்லாம் ஒன்றாக வந்து கதவைத் தட்டுகின்றன. ரப்பரை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்ட தோட்டங்களிலும் அடைமழை நாட்களில் வேலை சுணங்கத்தான் செய்கிறது.

வயதையும் சற்று எண்ணிப் பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குச் சாப்பாடு முக்கியம், மறுப்பார் இல்லை. ஆனால் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை உள்ள ஆண்டுகளில்தான் எலும்பு நீளுகிறது, இரத்தம் பெருக வேண்டியிருக்கிறது. பெண்பிள்ளை பெரியவளாகும் பருவமும் அதுவே. மாதந்தோறும் இழக்கும் இரத்தத்தை உணவிலிருந்துதான் ஈடு செய்ய வேண்டும். 2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வு, 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் ஏறக்குறையப் பத்துக்கு மூவர் இரத்தச் சோகை உடையவர்கள் என்று காட்டியது. இந்தச் சோகை திருமணமான பின் திடீரென்று வந்து ஒட்டிக்கொள்வதன்று. பள்ளிப் பருவத்திலேயே தேநீரும் பிஸ்கட்டுமாகத் தொடங்குகிறது. தேநீர், உணவில் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதையும் குறைக்கிறது. மறுபுறம், 2022-இல் நடந்த ஆய்வில் பதின்ம வயதினரில் ஏறக்குறையப் பத்துக்கு மூவர் எடை மிகுந்தவர்கள் என்று தெரிந்தது. சோகையும் பருமனும் ஒரே நாட்டில், ஏன், ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில்! மலிவான சாப்பாடு மாவும் எண்ணெயும் சர்க்கரையுமாக இருக்கும்போது இதில் வியப்பு என்ன?

இனி வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை ஆறாம் வகுப்போடு நின்று காட்டுக்குள் போவதே ஒரு காலத்தில் வழக்கம். 1960-களின் நடுப்பகுதியில் இடைநிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு எடுக்கப்பட்டு, 1965 முதல் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் யாவரும் மேலே செல்லலாம் என்றான பிறகே அந்தக் கதவு நமக்குத் திறந்தது. 2003-இல் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. பிள்ளையை அனுப்பத் தவறும் பெற்றோருக்கு 5,000 வெள்ளிவரை அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்லிற்று. 2025-இல் இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை மக்களவை நிறைவேற்றியது. இந்தத் திருத்தத்தை நான் மனமார வரவேற்கிறேன். பதின்மூன்று வயதில் படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டறைக்கும் உணவுக்கடைக்கும் போகிற நம் பையன்களை எண்ணினால் யார்தான் வரவேற்க மாட்டார்கள்? ஆனால் ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் குற்றம் என்று சட்டம் நம்மைப் பார்த்துச் சொல்லுமானால், கட்டாயப்படுத்தி வரவழைத்த பிள்ளையைப் பட்டினியாக உட்கார வைக்கிறவருக்கு என்ன பெயர்? ஐந்தாம் படிவம்வரை படிப்பு கடமை என்றால், ஐந்தாம் படிவம்வரை சோறும் அந்தக் கடமையின் பாதிதானே?

அரசாங்கத்துக்கு இது புதிய கருத்தும் அன்று. இடைநிலைப் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கும் ஏழை மாணவனுக்கு உணவு உதவி உண்டு. அதே வகுப்பில், அதே நாற்காலி வரிசையில் உட்கார்ந்து, அதே ஏழ்மையில் வாடி, பஸ்ஸில் வந்து போகிறவனுக்கு அது இல்லை. விடுதிப் பிள்ளைக்குப் பசிக்கும், பஸ் பிள்ளைக்குப் பசிக்காது என்று எந்த மருத்துவர் சொன்னார்? 2019-இல் தொடக்கப் பள்ளி மாணவர் அனைவருக்கும் இலவசக் காலை உணவு என்று பெரிதாக அறிவித்தார்கள். 2020-இல் அது சில பள்ளிகளோடு சுருங்கிவிட்டது. அந்தப் பெரிய அறிவிப்பிலும் இடைநிலைப் பள்ளி என்ற பேச்சே எழவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்படித் தொடக்கப் பள்ளியோடு நின்றுவிட்ட ஒரு திட்டத்தை மேல் வகுப்புக்கு நீட்டிய முன்மாதிரி எங்கேனும் உண்டா? உண்டு; நம் முன்னோர் கப்பலேறி வந்த தமிழ்நாட்டிலேயே உண்டு. 1920-இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. அந்த ஓரணாவும் பொறுக்காமல் வெள்ளைக்கார அரசாங்கம் தடை சொல்ல, 1925-இல் அது நின்றது. பிறகு காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. கல்வித் துறையில் நெ. து. சுந்தரவடிவேலு அவருக்குத் துணை நின்றார். ஊர் மக்கள் அரிசியும் பருப்பும் விறகும் கொடுத்து நடத்திய திட்டம் அது. அதுவும் தொடக்கப் பள்ளிக்குத்தான்.

எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை முதல் நாள் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோதும் சின்னப் பிள்ளைகளே அதில் சேர்க்கப்பட்டார்கள். கருவூலம் தாங்காது, நாடு திவாலாகும் என்று அப்போது பேசியவர் உண்டு. நாடு திவாலாகவில்லை. இரண்டே ஆண்டில், 1984 செப்டம்பரில், பத்து முதல் பதினைந்து வயதுவரை உள்ள மாணவர்களுக்கும், அதாவது பத்தாம் வகுப்பு வரைக்கும், அந்தச் சாப்பாடு நீட்டப்பட்டது. நம் கணக்கில் நான்காம் படிவத்து வயது! 1989-இல் கலைஞர் ஆட்சி அதில் முட்டையையும் வைத்தது. அங்கே ஆட்சிகள் மாறின, கட்சிகள் ஒன்றையொன்று திட்டின. ஆனால் பிள்ளைகளின் தட்டைப் பிடுங்க எந்தக் கட்சிக்கும் துணிவு வரவில்லை. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மட்டும் ஐந்தாம் வகுப்பு வரைக்குமே வகுக்கப்பட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் காலையில் பசிக்கும் என்று அவர்களிடமும் யாராவது சொல்ல வேண்டும்.

ஜப்பான் போரில் தோற்றுச் சாம்பலாய்க் கிடந்து எழுந்த நாடு. அங்கே பள்ளி உணவுச் சட்டம் 1954-இல் வந்தது. 1956-இலேயே அதை நடுநிலைப் பள்ளிக்கும் விரித்தார்கள். பின்லாந்து 1948 முதல் பள்ளிப் பிள்ளைகள் யாவருக்கும் இலவச உணவு கொடுத்து வருகிறது. அப்போது அது பணக்கார நாடாக இருக்கவில்லை. பணம் வந்த பிறகு சோறு போடலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. கூடுதல் உணவுத் திட்டத்தில் ஆறாம் ஆண்டுவரை பெயர் இருந்த பிள்ளையின் பெயர், முதலாம் படிவத்துக்கும் தானாகவே தொடர வேண்டும். புது மனு, புது விசாரணை என்று இழுக்கக் கூடாது. குடும்பத்தின் வருமானம் ஏறினால் நீக்கட்டும். பிள்ளையின் வயது ஏறியதற்காக நீக்கலாகாது. எல்லாப் பிள்ளைக்கும் கொடுத்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் இந்த வயதில் பசியைவிட வெட்கம் பெரிது. “ஏழைச் சாப்பாடு” என்று ஒரு மேசையைத் தனியே போட்டால் நம் பெண்பிள்ளைகள் அதில் உட்கார மாட்டார்கள், பட்டினி கிடப்பார்கள். மற்றவர் காசு கொடுத்து வாங்கும் அதே தட்டு, அதே வரிசை, அதே சாப்பாடு என்று அமைய வேண்டும்.

அரசாங்கம் செவி சாய்க்கும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? அப்படி இருந்து பழகியவர்கள் அல்லவே நாம். வீட்டிலிருந்து சோறு கொடுத்தனுப்புவதுதான் மலிவும் நன்மையும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் முதலாம் படிவத்தில் நம் பிள்ளைகள் சோற்று டப்பாவைத் திறக்கக் கூசுகின்றன. நெத்திலிச் சம்பலின் மணமும் சாம்பாரின் மணமும் வகுப்பில் பரவினால் கேலி வரும் என்ற அச்சம். டப்பா மூடியபடியே வீடு திரும்புகிறது. தாய் மாலையில் அதைத் திறந்து பார்த்து வாய் பேசாமல் நாய்க்குக் கொட்டுகிறாள். இதற்கு மருந்து, கூட்டமாகப் போவதுதான். ஒரு தோட்டத்துப் பிள்ளைகள் எட்டுப் பேர் ஒரே மேசையில் டப்பாவைத் திறந்தால் எவன் கேலி செய்வான்? ஒருவன் வேலைநிறுத்தம் செய்தால் வேலை போகும். எல்லாரும் செய்தால் துரை பேச்சுவார்த்தைக்கு வருவான். சங்கத்தில் நாம் கற்ற பாடம் பிள்ளைகளின் சாப்பாட்டு மேசைக்கும் பொருந்தும்.

வெட்டுக்குப் போகும் தாய்மாரால் ஐந்து மணிக்குள் இதையும் சமைக்க முடியவில்லை என்றால், வேலையிலிருந்து ஓய்ந்த பாட்டிமார் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். முன்பு ஆயாக்கொட்டகையில் ஓர் ஆயா தோட்டத்துக் கைப்பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளவில்லையா? அதுபோல் ஓர் அடுப்பில், முறை வைத்து, இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்துச் சமைக்கலாம். வீட்டுக்கு நாளைக்கு இரண்டு வெள்ளி போட்டாலும் பத்து வீட்டுக்கு இருபது வெள்ளி ஆகிறது. மெர்சிங் கரையில் மீனுக்குப் பஞ்சமில்லை. கெம்போங் மீன், முட்டை, நெத்திலி, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் முருங்கைக்கீரை, கங்கோங், பயற்றங்காய் இவற்றைக் கொண்டு சிற்றுண்டிச்சாலை மீயைவிட நூறு மடங்கு நல்ல சாப்பாடு ஆக்கலாம். பாட்டிமாருக்குச் சும்மா உழைப்பு வாங்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிளைச் சங்கத்தின் நிதியிலிருந்து ஒரு சிறு தொகை அவர்களுக்குக் கொடுப்பதே முறை.

வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை. 2014-இலிருந்து 2024 முடியும்வரை ஜோகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. வெள்ளிக்கிழமை மரக்கறி உண்ணும் வீடுகளுக்கு அது தொல்லையில்லாத காலம். பிள்ளை வீட்டில் இருந்தது. 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து சனியும் ஞாயிறும் என்று மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை இப்போது பள்ளி நாள். சிற்றுண்டிச்சாலையில் மரக்கறிச் சாப்பாடு என்று கேட்டால் வெறும் சோறும் கோசும் கிடைக்கலாம். சம்பலில் நெத்திலி கிடக்கும். பல பிள்ளைகள் அன்று ஒன்றும் உண்ணாமலேயே வந்துவிடுகின்றன. ஜாவாக்காரர் நிறைந்த நம் ஜோகூரில் தெம்பே எந்தச் சந்தையிலும் மலிவாகக் கிடைக்கிறது. பொரித்த தெம்பேயும் தௌவும் வெள்ளிக்கிழமை டப்பாவுக்கு மீனுக்கு ஈடாக நிற்கும். சிற்றுண்டிச்சாலைக்காரரையும் வாரம் ஒரு நாள் இதைச் செய்யச் சொல்லிக் கேட்கலாம். மலாய்க்காரப் பிள்ளைகளும் தெம்பேயை விரும்பித் தின்பவர்கள்தாம். அவருக்கு நட்டம் வராது.

நோன்பு மாதமும் பள்ளி நாட்களில் வரும். 2013-இல் சிலாங்கூரில் சுங்கை பூலோவிலுள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் முஸ்லிமல்லாத பிள்ளைகள் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து சாப்பிட்ட படம் வெளிவந்து நாடெங்கும் பேச்சாயிற்று. முஸ்லிமல்லாத மாணவர்களுக்காக நோன்பு மாதத்திலும் சிற்றுண்டிச்சாலை திறந்திருக்கலாம் என்று கல்வி அமைச்சு 2024-இல் தெளிவாகவே சொன்னது. நோன்பிருக்கும் நண்பன் முன்னால் நாகரிகமாக நடந்துகொள்ள நம் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்போம். அதே சமயம் ஒளிந்துகொண்டு தின்னத் தேவையில்லை என்பதையும் கற்றுக்கொடுப்போம். நம் பிள்ளைகள் எண்ணிக்கையில் ஐந்தாறு பேராக இருக்கும் பள்ளிகளில், கடைக்காரர் வியாபாரம் இல்லையென்று மூடிவிடுவதுதான் உண்மையான சிரமம். அதைப் பள்ளி முதல்வரிடம் முன்கூட்டியே பேசினால் தீர்த்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் நாம் போய் உட்கார வேண்டிய இடம் பெற்றோர் ஆசிரியர் சங்கம். தமிழ்ப்பள்ளியின் ஆண்டுக் கூட்டத்துக்கு வருகிற நம் பெற்றோர், இடைநிலைப் பள்ளிக் கூட்டத்துக்குப் போவதில்லை. மலாய் பேசத் தயக்கம், வெளுத்த சட்டை இல்லையென்ற தயக்கம், கூட்ட நாளில் வேலை. அங்கே பேசுகிறவர்கள் நகரத்துக் கடைக்காரர்களும் உத்தியோகஸ்தர்களும். அவர்கள் பிள்ளைகளின் கையில் ஐந்து வெள்ளி இருக்கிறது. சிற்றுண்டிச்சாலை குத்தகைக்கு விடப்படுகிறது, விலைப்பட்டியல் இருக்கிறது, எதை விற்கலாம், எதை விற்கலாகாது என்று 2011-இல் வெளியான அரசாங்க வழிகாட்டியும் இருக்கிறது. மிட்டாயும் நுரைக்கிற குளிர்பானமும் அதன்படி அங்கே விற்கக் கூடாதவை. இரண்டு வெள்ளிக்கு வயிறு நிறையும் ஒரு தட்டாவது நாள்தோறும் இருக்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. மலாய் நன்றாகப் பேசும் இளைஞர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். ஆபீஸ்காரர்களாகிய நாங்களும் இருக்கிறோம். கடிதம் எழுதித் தருவதும் உடன் வருவதும் எங்கள் பொறுப்பு.

“சம்பளத்தையும் போனஸையும் பேச வேண்டிய சங்கத்துக்குப் பள்ளிச் சாப்பாடு எதற்கு?” என்று ஒரு தோழர் என்னிடம் கேட்டார். சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கைத் தின்னும் விஷயம் சம்பள விஷயம் இல்லாமல் வேறென்ன? மானேஜ்மெண்டோடு மேசையில் உட்கார்ந்து ஐம்பது வெள்ளி உயர்வுக்காக ஆறு மாதம் வாதாடுகிறோம். ஆண்டுக்கு 665 வெள்ளி நம் வீட்டிலிருந்து ஓசையில்லாமல் போவதைப் பற்றி ஒரு மகஜர்கூட எழுதாமல் இருக்கிறோம்.

எங்கள் கிளையின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வரப் போகிறேன். மற்றக் கிளைகளும் தங்கள் தங்கள் கூட்டத்தில் எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பினால், தலைமையகம் கல்வி அமைச்சுக்கு எழுதும்போது அதில் எடை இருக்கும். எடைக்குக் கணக்கு வேண்டும். ஆகவே கூட்டத்துக்கு வரும் பெற்றோர் மூன்று விவரங்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள்: பிள்ளை ஆறாம் ஆண்டில் இலவச உணவு பெற்றதா, இப்போது நாளைக்கு எவ்வளவு காசு கொடுக்கிறீர்கள், பஸ் ஏறும் நேரமும் வீடு திரும்பும் நேரமும் என்ன. எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் போதும்; நான் எழுதிக்கொள்கிறேன். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். சிற்றுண்டிச்சாலையில் எந்தத் தட்டு என்ன விலை என்று நம்மைவிட அதற்குத்தான் சரியாகத் தெரியும்.